கௌபாய் போட்டிக்கு லீவர் ரைபிள் வாங்குமுன்: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கௌபாய் காலத்து வடிவிலான துப்பாக்கிகளால் இரும்புக் குறிகளை வேகமாகச் சுடும் விளையாட்டு இது. லீவர் ரைபிள் என்றால், விசையைச் சுற்றியுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளித் திருப்பி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி. என் முதல் போட்டியன்று லோடிங் மேசையின் முன் நின்று, ரைபிளின் பக்கவாட்டில் இருக்கும் சிறு கதவு வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். எட்டு போயின. ஒன்பதாவது பாதி நுழைந்து நின்றுவிட்டது. மேசையைக் கண்காணித்துக்கொண்டிருந்த பெரியவர் குனிந்து குழலைப் பார்த்து, “பதினாறு அங்குலமா?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ரைபிளால் பத்து முறை சுட வேண்டும். என்னிடம் இருந்ததோ எட்டு தோட்டா மட்டுமே கொள்ளும் துப்பாக்கி. கடைக்காரர் காட்டிய அட்டையில் 8+1 (மேகசின் என்னும் தோட்டாக் குழாயில் எட்டு, சுடும் அறையில் ஒன்று) என்று இருந்ததை நான் ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டில் தோட்டா அறையைக் காலியாக வைத்துத்தான் சுடும் கோட்டுக்குப் போக வேண்டும் என்பதால் அந்தக் கூட்டல் ஒன்று கணக்கில் வராது என்பதுகூட அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ரைபிளை நான்கு மாதத்தில் நட்டத்துக்கு விற்றேன். டெக்சஸில் வசிக்கும் பச்சை அட்டைக்காரனாகிய நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. துப்பாக்கியைப் பார்க்குமுன் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம்மவர்களில் பலர் தெரியாமல் தவறு செய்வது இந்த இடத்தில்தான். நீங்கள் குடிமகனாகவோ பச்சை அட்டை உள்ளவராகவோ இருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி ரைபிள் வாங்க 18 வயது நிரம்பியிருந்தால் போதும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாரா விசாவில் நுழைந்தவராக இருந்தால், பொதுவிதியாக, துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். பயிற்சிக்கூடத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பெரும்பாலோர் பயன்படுத்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த வழியில் போவதானால் உரிமத்தின் காலாவதித் தேதியைக் கவனமாகப் பாருங்கள். உரிமம் முடியும் நாளன்று வீட்டில் ரைபிள் இருந்தால் அன்றிலிருந்து நீங்கள் சட்டத்துக்குப் புறம்பானவர். பச்சை அட்டை விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் நண்பர்களின் அனுபவத்தை நம்பாமல், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுவது மேல்.

“நீ பச்சை அட்டைக்காரன், எனக்கும் ஒன்று உன் பெயரில் வாங்கிக் கொடு, பணத்தை அனுப்பிவிடுகிறேன்” என்று நண்பர் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். வாங்கும் படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி இருக்கிறது. பிறருக்காக வாங்கிக்கொண்டு ஆம் என்று எழுதுவது பொய்யுரை. தடைசெய்யப்பட்ட ஒருவருக்காக இப்படிப் பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. குடிமகன் அல்லாதவருக்கு அதன் பின்விளைவு சிறையோடு முடியாது.

2. பணத்தை எடுக்குமுன் ஒரு போட்டியை முழுதாகப் பாருங்கள்

இந்த விளையாட்டை நடத்தும் முதன்மை அமைப்பு, 1987-இல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி. எல்லாரும் சுருக்கமாக ‘சாஸ்’ என்பார்கள். அதன் கீழ் உள்ளூர்க் கழகங்கள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை போட்டி நடத்துகின்றன. கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு போனால் வேடிக்கை பார்க்க யாரும் தடுப்பதில்லை. இரண்டு சுற்று முடிவதற்குள் யாராவது தம் ரைபிளை நீட்டி “ஐந்து சுட்டுப் பாருங்கள்” என்பார். அதற்கு முன், கையில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதை மேலே சொன்னபடி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று வகை ரைபிள்களைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பொதுவாக ஒரு சுற்றில் இரண்டு ரிவால்வர்களிலிருந்து ஐந்தைந்தாகப் பத்து, ரைபிளில் பத்து, ஷாட்கன்னில் நான்கோ சற்று அதிகமோ சுட வேண்டியிருக்கும். தவறும் ஒவ்வொரு குறிக்கும் உங்கள் நேரத்தோடு ஐந்து விநாடி சேரும். குறிகள் பெரிய இரும்புத் தகடுகள், தூரமும் அதிகமில்லை. ஆகவே இங்கே வெல்வது நுட்பமான குறிபார்ப்பைவிடத் தடங்கலில்லாத கைவேகம்தான். ரைபிள் தேர்வில் வரும் எல்லா முடிவுகளையும் இந்த ஒரு காரணமே தீர்மானிக்கிறது.

ரைபிளுக்கான விதி இதுதான்: ஏறக்குறைய 1860 முதல் 1899 வரையிலான வடிவம், அசலோ பிரதியோ, லீவர் அல்லது முன்பிடியை இழுத்துத் தள்ளும் அமைப்பு, வெளியே தெரியும் சுத்தியல், குழலுக்கு அடியில் ஓடும் குழாய் மேகசின், கைத்துப்பாக்கித் தோட்டா. பெட்டி மேகசின் கூடாது. குண்டு ஈயமாக இருக்க வேண்டும், செம்பு உறையிட்டது கூடாது. ரைபிள் குண்டின் வேகம் விநாடிக்கு 1400 அடியைத் தாண்டக் கூடாது. இதனால்தான், கடையில் முதலில் கண்ணில் படும், மான் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் .30-30 வின்செஸ்டர் 94 முதன்மைப் போட்டிக்கு உதவாது. அதை வாங்கி வந்துவிட்டு விழிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

3. முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள், பிறகு ரைபிளை

ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா இருப்பது நல்லது. அவசரத்தில் பட்டையிலிருந்து தவறானதை எடுக்கும் ஆபத்து அதனால் குறையும். புதியவருக்கு என் பரிந்துரை .357 மேக்னம் அறை கொண்ட ரைபிள். ஆனால் அதில் போட்டுச் சுடுவது .38 ஸ்பெஷல். உதைப்பு மிகக் குறைவு, விலையும் குறைவு, எங்கும் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆறு சுற்றுப் போட்டிக்கு ரைபிளும் ரிவால்வரும் சேர்ந்து 120 தோட்டா வேண்டும். என் பகுதிக் கடையில் ஈயக்குண்டு .38 ஒன்று ஏறக்குறைய 40 சென்ட், .45 கோல்ட் ஒன்று 75 சென்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 48 டாலருக்கும் 90 டாலருக்கும் உள்ள வித்தியாசம் ஓராண்டில் இன்னொரு ரைபிளின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

.45 கோல்ட் பெயரில் இருக்கும் கவர்ச்சிக்கு நானும் மயங்கியவன்தான். போட்டிக்கான மென்மையான மருந்தளவில் அதன் நேரான பித்தளை உறை போதுமான அளவு விரிந்து அறையை அடைப்பதில்லை. வாயுவும் கரியும் பின்னோக்கி வந்து விழும். இரண்டாவது சுற்று முடிந்தபோது என் வலக் கன்னமும் விரல் இடுக்குகளும் தீபாவளியன்று சுருள்கேப் வெடித்த பையனுடையவை போலக் கறுத்திருந்தன. பெரிய குண்டு வேண்டும் அல்லது கருமருந்தில் சுட வேண்டும் என்று ஆசையிருந்தால் .44-40 நல்லது. அதன் உறை கழுத்தருகே குறுகி மெல்லியதாக இருப்பதால் அறையை நன்றாக அடைத்துக்கொள்கிறது. ஆனால் அது கடையில் அரிது. வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர்களுக்கே கட்டுப்படியாகும்.

குண்டின் முனை தட்டையாக இருக்கட்டும். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பின்னடியில், தட்டினால் வெடிக்கும் பிரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் தானே விளங்கும்.

4. எந்த மாதிரி

களத்தில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் வின்செஸ்டர் 1873 மாதிரியின் பிரதி. இதிலும் இதற்கு முந்திய 1866-இலும் லீவரைக் கீழே தள்ளியதும் ஒரு பித்தளைக் கட்டை தோட்டாவை மின்தூக்கி போல நேராக மேலே கொண்டுவருகிறது. லீவரைத் திருப்பி இழுத்ததும் போல்ட் அதை நேராக அறைக்குள் தள்ளுகிறது. தோட்டா எங்கும் சாய்வதில்லை. அந்த மென்மையான ஓட்டத்துக்காகத்தான் வேகமாகச் சுடுபவர்கள் இதை விடுவதில்லை. இதன் பூட்டமைப்பு வலிமையில் பின்தங்கியது என்றாலும், போட்டியின் மெல்லிய தோட்டாக்களுக்கு அது ஒரு குறையே அல்ல.

பிரதிகளைப் பெருமளவில் செய்வது இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியாவில் உள்ள உபெர்தி நிறுவனம். 2000-இலிருந்து பெரெட்டா குழுமத்தில் இருக்கிறது. சிமரான், டெய்லர்ஸ் என்ற பெயர்களில் கடையில் இருக்கும் 1873-களும் பெரும்பாலும் இதே ஆலையிலிருந்து வருபவைதாம். மெருகும், மரத்தின் தரமும், சிலவற்றில் முன்கூட்டியே செய்யப்பட்ட சீரமைப்பும் மட்டுமே வேறுபடும். எனவே பெயருக்காக 200 டாலர் கூடுதலாகக் கொடுக்குமுன், எதற்காக அந்தக் கூடுதல் என்று கேளுங்கள். வின்செஸ்டர் முத்திரையுடன் ஜப்பானின் மிரோக்கு ஆலை செய்யும் 1873-ம் உண்டு. வேலைப்பாடு மிக நேர்த்தி. ஆனால் போட்டிக்கான மாற்று உதிரிகளும் அவற்றைப் பொருத்தத் தெரிந்த கன்ஸ்மித்துகளும் உபெர்திக்கே அதிகம்.

கையில் பணம் குறைவு என்றால் 1892. பிரேசிலின் ரொஸ்ஸி செய்வது 1873-இன் விலையில் ஏறக்குறைய பாதிதான். உறுதியானது, எடை குறைவு. புதிதாக வரும்போது ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும், கதவின் விளிம்பு கட்டைவிரலைக் கீறும். இரண்டும் ஒரு நல்ல கன்ஸ்மித்தால் சரியாகக்கூடியவை. தோட்டா இதில் சற்றுச் சாய்ந்து ஏறுவதால், லீவரைத் தயங்கித் தயங்கி இயக்கினால் சிக்கும். மார்லின் 1894-ம் நல்ல ரைபிள்தான். அது பிரதி அல்ல, மார்லின் பெயரிலேயே வரும் தயாரிப்பு, 2020-இலிருந்து ரூகர் வசம் இருக்கிறது.

1860 ஹென்றியின் பிரதி பேரழகு. ஆனால் அதற்குப் பக்கவாட்டுக் கதவு கிடையாது, முன்பக்கத்திலிருந்துதான் தோட்டா போட வேண்டும். கைபிடிக்க முன்கட்டையும் இல்லாததால் இருபது சுட்டதும் குழல் கையைச் சுடும். மேகசினை உந்தும் பொத்தான் குழலடியில் நகர்ந்து வந்து உங்கள் இடக்கையில் முட்டும்போது பிடியை மாற்ற வேண்டும். இரண்டாவது ரைபிளாக வாங்குங்கள். முன்பிடியை இழுத்துச் சுடும் கோல்ட் லைட்னிங் பிரதிகளைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வைத்திருப்பவரிடம் ஒரு நாள் முழுக்க உடனிருந்து, அது எத்தனை முறை அடைத்துக்கொள்கிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. நீளமும் பின்கட்டையும்

மேகசினில் பத்து கொள்ள வேண்டும், அறையைக் கணக்கில் சேர்க்காமல். .357-இல் 20 அங்குலக் குழல் இதற்குப் போதும். உபெர்தியின் 24¼ அங்குலத்தில் தாராளமாக இடம் இருந்தாலும் எட்டுப்பட்டைக் குழலின் எடை முன்பக்கம் இழுக்கும், ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு மாற்றும்போது தாமதம் தெரியும். 16 அங்குலத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பின்கட்டையின் முடிவில் இருக்கும் உலோகத் தகடு பிறைநிலா வடிவில் இருந்தால் அதன் கூரிய மேல்முனை தோளெலும்பில் குத்தும். அது தோள்குழியில் வைப்பதற்கானது அல்ல, புயத்தின் மேல்பகுதியில் பொருத்த வேண்டியது. அந்தப் பழக்கம் வரும்வரை நீலம் பாய்ந்த தோளோடு அலுவலகம் போவீர்கள். தட்டையான ஷாட்கன் வகைப் பின்கட்டை கேட்டு வாங்குங்கள்.

6. கடையில் என்ன பார்ப்பது

முதலில் அறையும் மேகசினும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு லீவரை மிக மெதுவாக இயக்குங்கள். வேகமாக இயக்கும்போது மறையும் சொரசொரப்பு மெதுவில் விரலுக்குத் தெரியும். எட்டுப்பட்டைக் குழலின் மேல்பட்டையும் உடலின் மேல்பரப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, முன்குறி நடுவில் நிற்கிறதா, மரமும் இரும்பும் சேருமிடத்தில் நகம் நுழைகிறதா என்று பாருங்கள். பழையதென்றால் திருகுகளின் தலையைப் பாருங்கள். சிதைந்த திருகுத்தலை, தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

1873 வாங்குபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தூக்குக் கட்டையின் நீளத்துக்குத் தோட்டா பொருந்த வேண்டும். மிகக் குட்டையான தோட்டா ஏறினால் அடுத்ததன் விளிம்பு கட்டைக்குள் எட்டிப் பார்த்து, அது மேலே எழாமல் பூட்டிக்கொள்ளும். வாங்கிய நாளிலேயே இரண்டு மூன்று வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஓடுகிற வகையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லீவரின் நகர்வைக் குறைக்கும் ‘ஷார்ட் ஸ்ட்ரோக்’ மாற்றத்தை எல்லாரும் பரிந்துரைப்பார்கள். அதற்கு விதியில் எல்லை உண்டு, நடப்பு விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். முதல் ஆறு மாதம் அது தேவையே இல்லை என்பது என் கருத்து. விசையை லீவர் முழுதாக மூடும்வரை தடுத்து வைக்கும் சிறு பாதுகாப்பு ஊசியைக் கழற்றிவிட்டு விற்கப்படும் பழைய ரைபிளை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். போல்ட் பூட்டாத நிலையில் தோட்டா வெடித்தால் அது உங்கள் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

7. வாங்கும் படிவம்: 4473

“பழங்காலப் பிரதிதானே, காகிதம் எதற்கு?” என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. முன்வாயால் மருந்திடும் பிரதிகள் போன்றவற்றுக்குத்தான் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த விலக்கு. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுடும் பிரதி, 1860-இன் வடிவத்தில் இருந்தாலும், சட்டத்தின் முன் முழுத் துப்பாக்கிதான்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: தற்போதைய முகவரியுள்ள, புகைப்படம் கொண்ட அரசு அடையாள அட்டை, பச்சை அட்டை. வீடு மாறி, ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், புதிய முகவரியுள்ள இன்னோர் அரசு ஆவணம் வேண்டும்; வாகனப் பதிவுச் சான்று பெரும்பாலும் ஏற்கப்படும். இது தெரியாமல் நான் ஒருமுறை ஐம்பது மைல் திரும்பி ஓட்டினேன்.

பெயர்தான் நமக்குப் பெரிய முள். முன்னெழுத்து மட்டும் உள்ளவர்கள் அந்த எழுத்துக்குப் பின் ‘ஐஓ’ என்ற ஆங்கில எழுத்துகளையும், நடுப்பெயர் இல்லாதவர்கள் ‘என்எம்என்’ என்றும் எழுத வேண்டும் என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. பச்சை அட்டையில் ஒருவிதமாகவும் உரிமத்தில் வேறுவிதமாகவும் அப்பா பெயர் உட்கார்ந்திருந்தால், படிவத்துக்கு வருமுன் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை. ஆனால் பொதுவான பெயர்க்காரர்கள் கொடுத்தால் குழப்பம் குறையும்.

கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை அமைப்பைத் தொடர்புகொள்வார். பலருக்குச் சில நிமிடத்தில் பதில் வரும். எனக்குத் ‘தாமதம்’ என்று வந்தது. அது மறுப்பு அல்ல. மூன்று வேலைநாள் கடந்தும் பதில் வராவிட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் கடைக்காரர் விருப்பம். சிலர் கொடுப்பதில்லை, முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படியே ஆகிறவர்கள் கைரேகையுடன் எஃப்பிஐக்கு விண்ணப்பித்துத் தனி எண் பெற்று, அடுத்த முறை படிவத்தில் அதைக் குறிப்பிடலாம்.

இவை கூட்டாட்சி விதிகள். கலிபோர்னியாவில் பாதுகாப்புச் சான்றிதழும் பத்து நாள் காத்திருப்பும், இல்லினாயில் ‘ஃபாய்டு’ எனும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டையும், நியூஜெர்சியில் வாங்குபவர் அடையாள அட்டையும் வேண்டும். அந்த அட்டைக்கான விண்ணப்பத்தை ரைபிள் தேடத் தொடங்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

8. எவ்வளவு பணம், எவ்வளவு நாள்

என் இரண்டாவது ரைபிள், 20 அங்குல உபெர்தி 1873, வரிக்கு முன் 1,400 டாலர் சொச்சம். டெக்சஸில் விற்பனை வரி 8.25 விழுக்காடு வரை போகும். அது மட்டும் நூறு டாலரைத் தாண்டியது. வேறிடத்தில் வாங்கி உள்ளூர்க் கடை வழியாகப் பெற்றால் கைமாற்றக் கட்டணம் 25 முதல் 50 டாலர். கன்ஸ்மித்திடம் ஸ்பிரிங் மாற்றி மெருகேற்ற 350 டாலர் ஆனது, பதினொரு வாரமும் ஆனது. நல்ல கைகளுக்கு எப்போதும் வரிசை உண்டு. விரும்பிய மாதிரி கடையில் இல்லையென்றால் இறக்குமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இரண்டு ரிவால்வரும் ஷாட்கன்னும் இந்தக் கணக்கில் இல்லை. முதல் சில போட்டிகளுக்கு அவற்றைக் கழகத்தவரிடம் இரவல் வாங்குவது வெட்கமான காரியமே அல்ல, எல்லாரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

கழகத்தவர் விற்கும் பழைய ரைபிள் பெரும்பாலும் சீரமைக்கப்பட்டே வரும் என்பதால் புதியதைவிட லாபம். டெக்சஸில் ஒரே மாநிலத்தவர் இருவர் தங்களுக்குள் விற்றுக்கொள்ளக் கடை தேவையில்லை. ஆனாலும் குடியுரிமை நேர்காணலை எதிர்நோக்கியிருப்பவர்கள் 30 டாலர் போனால் போகட்டும் என்று கடை வழியாகவே செய்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

9. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

பூட்டுள்ள பெட்டகம் ஒன்றை ரைபிளுக்கு முன்பே வாங்குங்கள். 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். ஊரிலிருந்து அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் தங்கும்போது பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவர்களிடம் இருக்கக் கூடாது. முதல் படியில் சொன்ன தடை அவர்களுக்கும் பொருந்தும். எச்-1பியில் இருக்கும் அறைத்தோழருக்கும் அப்படியே. என் அப்பா வந்திருந்தபோது போட்டிக்கு அழைத்துப் போனேன். தொப்பியும் சட்டையும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, கீழே விழும் பித்தளை உறைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றில் “ஒன்பதுதான் விழுந்தது” என்றார். ரைபிளைத் திறந்து பார்த்தபோது பத்தாவது உறை தூக்குக் கட்டையின் மேல் குறுக்கே கிடந்தது.